கை வைத்த மப்ளர்

எனக்கு ஒரு மப்ளர் பின்னிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். சொன்னது பொய். பின்ன நினைத்தது அக்காவின் வயிற்றிலிருந்த குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர். எங்கள் வீட்டில் பிறக்காத குழந்தைக்கு ஒரு துண்டுத் துணிகூட வாங்கமாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் போடுவது துவைத்து வைத்த பழைய வேட்டித் துணிதான். அக்காவுக்கு முதல் தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்தத் தடவை தொட்டில் என்று பேச்செடுத்தாலே அம்மா முறைப்பாள்.

எண்பதுகளின் நடுவில், காரிமங்கலத்தில், டீச்சர் ட்ரெயினிங் முடித்து எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பவளுக்குத்தான் வேண்டாத ஆசையெல்லாம் வரும். எதிர்வீட்டுப் பாத்திரக்கடை பாய்க்கு பெங்களூரிலிருந்து ஒரு மருமகள் வந்திருந்தாள். என் வயதுதான். வாசலில் நின்று பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே பின்னுவாள்.

"எங்கம்மா வூட்ல குழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே தொப்பி, சாக்ஸ் எல்லாம் ரெடியா இருக்கும்" என்றாள் ஒரு நாள். அந்தப் பேச்சு மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் அடுத்த முறை பெங்களூர் போனபோது ஊசியும் மஞ்சள் உல்லன் நூலும் வாங்கிவரச் சொன்னேன்.

பார்க்க எளிதாக இருந்தது. கையில் எடுத்தால் முழி பிதுங்கியது. நூலை இறுக்கிப் பிடித்ததால் கண்ணிக்குள் ஊசி நுழையவே இல்லை. தளர்த்தினால் கண்ணி நழுவி, அடி வரைக்கும் ஏணி மாதிரி விட்டுக்கொண்டு போனது. ஒவ்வொரு வரிசையிலும் எனக்குத் தெரியாமலே கண்ணி கூடிக்கொண்டு வந்து, நேராக வரவேண்டியது முறம் மாதிரி அகன்றது. எதிர்வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசியைத் தூக்கி எறிந்தேன். அது போய் மாட்டுத்தொட்டியில் விழுந்தது.

"நூலு எங்கயும் ஓடிப்போவாது. கொஞ்சம் விட்டுப் பிடி" என்றாள் அவள்.

விட்டுப் பிடிப்பது என் சுபாவத்திலேயே இல்லை. ஆனாலும் ஒரு நாள் மத்தியானம், என்ன ஆயிற்றோ, கை தானாக வழிக்கு வந்தது. ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை புரட்டி, மறுபடி நேராக. துணி என்று சொல்லக்கூடிய ஒன்று ஊசியிலிருந்து இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை.

முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடிந்தது. அக்கா மட்டும் பார்த்துவிட்டாள். வளைகாப்பு வளையல்கள் குலுங்க அந்தச் சின்னக் கையைத் தன் விரல்களில் மாட்டிப் பார்த்தாள். தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். நான் பெட்டியில் பாவாடைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். இனி ஒரு கைதான் பாக்கி.

மார்கழிக் குளிரில், இன்னும் நாள் இருக்கும்போதே, அக்காவுக்கு வலி எடுத்தது. அம்மா அவளை தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாட்டைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருந்தேன். மறுநாள் காலை பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, அம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னார். "பொம்பளப் புள்ளையாம். ரொம்பச் சின்னதா இருக்குதாம். இன்னும் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாங்களாம்."

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான்தான் காரணம். பின்னாதே என்று வழிவழியாகச் சொன்னதைப் பின்னினேன், அதனால்தான் இப்படி ஆயிற்று. படித்தவள், டீச்சராகப் போகிறவள், அப்படித்தான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து நூல் முனையைத் தேடி இழுத்தேன். வாரக்கணக்கில் பின்னியது, உலை கொதிப்பதற்குள் பிரிந்து மடியில் குவிந்தது. பிரித்த நூல் இடியாப்பம் போல் சுருண்டு சுருண்டு கிடந்தது. இனிமேல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோற்றுத் தூக்கும் வெந்நீர் பிளாஸ்க்குமாகப் பத்து மணி பஸ்ஸில் போனேன். வார்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். தூக்கை வாங்கவில்லை, என் தோள்பையைத்தான் வாங்கினாள்.

"புள்ளைக்குச் சூடு பத்தலைங்கறாங்க நர்சம்மா. கதகதன்னு வெச்சிருக்கச் சொல்றாங்க. நீ பின்னினது எங்கடி?"

"அது மப்ளரும்மா."

"மப்ளருக்கு எந்தூர்லடி கை வெப்பாங்க? எனக்குக் கண்ணில்லயா? தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். எடு."

"பிரிச்சிட்டேன்" என்றேன்.

அம்மா திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் முந்தானையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் படுத்திருந்தாள். பழைய வேட்டித் துணிக்குள் முகம் மட்டும், உள்ளங்கை அகலம்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"கொண்டாந்தியா? வலியில அதைத்தான் நெனச்சிட்டே கெடந்தேன். இவ்ளோ தூரம் பின்னியாச்சு, போட்டுக்க ஒருத்தி வந்துதானே ஆவணும்னு."

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு கை பாக்கிக்கா. முடிச்சு எடுத்தாந்துடறேன்" என்றேன். மறுபடியும் பொய்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஓடினேன். நூலை நனைத்துக் கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. காய்கிற வரைக்கும் யார் காத்திருப்பது? முதலில் தன் கையாலேயே ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தனுப்பினாள். நான் சுருட்டை நூலோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக் கொடுத்தாள். உள்ளே குழந்தை இருமினால் என் கை நின்றுவிடும். "நிறுத்தாதே" என்பாள்.

குழந்தை தேறியது. வீட்டுக்கு வருகிற அன்று அந்த ஸ்வெட்டரைப் போட்டார்கள். கைகள் இரண்டும் ஒரே நீளம் இல்லை. அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மஞ்சள் கையைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"முன்ன வழவழன்னு இருந்துச்சே" என்றாள்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.