கைக்கும் மரங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் சிட்னியின் புறநகரான மெரிலேண்ட்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அவர் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைபவர். நான் மருத்துவமனையில் தாதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்போதுதான் சிட்னிக்கு வடக்கே, இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில், ஒரு மலைச்சரிவில் இருந்த, மக்கடேமியா என்ற கொட்டை மரத் தோட்டத்தை வாங்கினோம்.

விற்றவர் தனிக்கட்டையான ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வடக்கே காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் பொறுக்கிய கொட்டைகளைத் தகர டின்களில் முளைக்கவைத்து, நூற்றெழுபது கன்றுகளை அவரே நட்டிருந்தார். அவை என் இடுப்பளவு வளர்ந்தபோது அவருடைய முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. “பொறுமையாக இருங்கள், தானே காய்க்கும்” என்று என் கணவரின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பொறுமையாகவே இருந்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியப் புறப்பட்டு, ஞாயிறு பின்னேரம் திரும்புவோம். புல் வெட்டினோம், எலிக்குப் பொறி வைத்தோம், கோடையில் வாளியில் தண்ணீர் சுமந்தோம். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்ற மரம் மட்டும் மற்றவற்றுக்கு முந்திக் காய்த்தது. அதன் பருப்பு பால்போல இனித்தது. கஜுவுக்குப் பதிலாக அதைப் பாயாசத்தில் போட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தோம். மற்ற மரங்கள் பூத்தாலும் நாலைந்து காய்தான் பிடிக்கும். அவற்றையும் எலி தின்றுவிடும். அதனால் அவற்றைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஐந்தாம் வருடம் எல்லா மரங்களும் ஒன்றாகக் காய்த்தன. மக்கடேமியாவை யாரும் பறிப்பதில்லை. முற்றினால் தானாக விழும். முழங்காலில் நின்று, முள் இலைகளுக்கிடையே விரல் விட்டுப் பொறுக்கினோம். பச்சைத் தோலை உரித்து, கம்பி வலையில் மூன்று கிழமை உலரவைத்தோம். பிறகு பதினான்கு சாக்குகளையும் இரவல் வான் வண்டியில் ஏற்றி, கொட்டை உடைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்தவர் ஒரு சாக்கிலிருந்து கைப்பிடி எடுத்து உடைத்தார். ஒன்றைக் கடித்தவர் உள்ளங்கையில் துப்பினார். இன்னொரு சாக்கைத் திறந்தார். அதிலும் இரண்டைத் துப்பினார். பிறகு கணவரைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகப் பேசினார். சில காட்டு மரங்களின் கொட்டை கசக்குமாம். ஓட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, பருப்பைப் பார்த்தும் முடியாது. கலந்த சாக்கை அவர் எடுக்கவே முடியாது.

“எந்த மரமெண்டு கேட்டாரா?” என்று வண்டியில் ஏறியபின் கேட்டேன்.

“ஓம். நான் என்னத்தைச் சொல்லுறது? எல்லாத்தையும் ஒண்டாத்தானே கொட்டினனாங்கள்.”

அடுத்த ஞாயிறு மரம் மரமாகப் போனோம். ஒவ்வொன்றின் கீழும் கிடந்ததில் இரண்டை எடுத்து அவர் சுத்தியலால் உடைத்தார். நான் கடித்துப் பார்த்தேன். கசந்தால் துப்பிவிட்டு, பழைய சிவப்புச் சேலையைக் கிழித்த துண்டைக் கிளையில் கட்டினேன். மத்தியானத்துக்குள் என் நாக்கு மரத்துப்போய், தலை சுற்றியது.

“நீர் இரும், நான் கடிக்கிறன்” என்றார்.

ஒரு மரத்தடியில் நெடுநேரம் மென்றுகொண்டே நின்றார். துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை.

“என்ன, நல்லதோ?”

“இதுவும் கைக்குதப்பா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெயில் சாயும்போது சரிவு முழுக்கச் சிவப்பாக இருந்தது. நூற்றுப்பத்துக்கு மேல் எண்ணியதும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எந்த வரிசை எந்த ஊர்க் கொட்டை என்று கிழவர் எங்காவது எழுதி வைத்திருப்பார் என்ற நினைப்பில், அவர் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போனோம். சன்னலோரக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது, “காய்க்கிறதா?”

“காய்க்குது. நல்லாக் காய்க்குது” என்றார் கணவர் ஆங்கிலத்தில்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எந்த வரிசை எங்கே பொறுக்கிய கொட்டை என்று கேட்டோம்; அவர் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கசப்பைப் பற்றி அவரிடம் சொல்லாமலே எழுந்து வந்தோம். கோபப்பட ஒருவராவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மரங்களை அடிமரம் மட்டும் நிற்க வெட்டி, நல்ல சாதிக் குச்சியை ஒட்டலாம், ஆனால் காய்க்க மறுபடி ஐந்தாறு வருடமாகும் என்றார் விவசாய அதிகாரி. கணவர் ஒட்டுக் கட்டப் பழகினார். அந்த வசந்தத்தில் முப்பது மரங்களை வெட்டி ஒட்டினார். பிறகு வந்த கோடையில் மழையே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காரை நிறுத்தியதும் நேரே அங்கேதான் நடப்பார். குச்சியை நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். நான் தூரத்திலேயே நின்றுவிடுவேன். அவர் குனிந்து நிமிர்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்டில் கோடை கழியும் மாசி மாதம் முடியும்போது இரண்டுதான் உயிரோடிருந்தன.

“இன்னொருக்கா வெட்டிப் பாப்பமோ?” என்று கேட்டேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“எனக்கு ஏலாது” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வருடம், மேய்ச்சல் நிலம் தேடிய, குதிரை வளர்க்கும் ஒருவருக்குத் தோட்டத்தை விற்றோம். கையளிக்கும் நாளன்றே அவருடைய உழவு இயந்திரம் கீழ் வரிசையில் வேலையைத் தொடங்கிவிட்டது. சங்கிலியைக் கட்டி இழுக்க, மரங்கள் பெரிய சத்தமில்லாமல் சாய்ந்தன. கசந்தது எது, இனித்தது எது என்று அந்தச் சங்கிலிக்குத் தெரியாது. மேலே உள்ள நல்ல மரங்களையாவது விட்டுவிடுங்கள் என்று கணவர் கேட்டார். பார்க்கலாம் என்றார் அந்த மனிதர்.

விட்டாரோ இல்லையோ, நாங்கள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.