முறைத்தால் எட்டு சென்டி

பிரசவ வார்டைக் கூட்டித் துடைக்கிறவள் நான். எனக்கு எதற்கு வம்பு என்று சும்மா இருக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

எங்கள் வார்டில் பிரசவம் பார்க்க இரண்டு நர்சுகள். ஒருத்திக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். மணிக்கு ஒருமுறை கையுறை மாட்டி, கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டி திறந்திருக்கிறது என்று விரலால் பார்த்து சார்ட்டில் எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மற்றவள் ஜோக்கக்கா. உள்ளே கை வைப்பதே பாவம் என்பது அவள் கட்சி. ஆனால் சார்ட்டில் கட்டம் காலியாக இருந்தால் ஆபீஸ் விடாதே. அதனால் வலியில் கிடப்பவளிடம் ஒரு ஜோக் சொல்வாள். வாய்விட்டுச் சிரித்தால் மூணு சென்டி. உதடு மட்டும் அசைந்தால் அஞ்சு. முறைத்தால் எட்டு, பத்தானால் பிள்ளை வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது.

இருவரும் எலியும் பூனையும்தான். ஒருமுறை கடிகாரம் ஏழு என்று எழுதிவிட்டுப் போக, அடுத்த டியூட்டிக்கு வந்த அக்கா அஞ்சு என்று எழுதினாள். பிள்ளை மனசு மாறித் திரும்பிப் போகிறதா என்று டாக்டர் கேட்டார்.

ஒருநாள் மத்தியானம் வந்து படுத்தது அக்காவின் சொந்த மகள். போன வருஷம் அவளுக்கு ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இதுவாவது உயிரோடு கைக்கு வரவேண்டுமே என்று அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள். டியூட்டி கடிகாரத்துக்கு. அக்கா வெறும் அம்மாவாகத்தான் வந்திருந்தாள், ஆனால் பழக்கம் விடுமா? ஜோக்கை எடுத்துவிட்டாள். மகள் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. பிறந்ததிலிருந்து அதே ஜோக்குகளைக் கேட்டு மரத்துப்போனவள் அவள். ஒன்பது ஜோக் வீணாய்ப் போனது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடிகாரத்திடம், விரல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நாலு. பத்து நிமிஷத்தில் மறுபடி பார்க்கச் சொன்னாள். அதே நாலு. மூன்றாம் தடவை, சும்மா சும்மா கை வைத்தால் கிருமி போய்விடும் என்று கடிகாரமே மறுத்துவிட்டாள். அக்கா தானே கையுறையை எடுத்து மாட்டினாள். அவளைத் தடுக்க வழி தெரியாமல் கடிகாரம் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தாள். அதிலும் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

மகள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? நான் சொன்னா பாருங்க. சொல்லலைன்னா தொடாதீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

இருவரும் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். நான் துடைத்த தரையிலேயேதான், ஆனால் வாயைத் திறக்க எனக்கும் தைரியமில்லை. மூன்று மணி நேரம் கழித்து, இப்போது பாருங்கள் என்றாள். தலை தெரிந்தது. பெண் குழந்தை. குழந்தையைவிட அக்கா சத்தமாக அழுதாள். சார்ட்டில் இரண்டு கட்டங்களைக் கடிகாரம் காலியாகவே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்த அக்கா, வலியோடு வந்திருந்த ஒருத்தியிடம் போய் நின்றாள். அவள் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை எங்கள் வார்டிலேயே பெற்றவள்.

"பாக்கட்டுமாம்மா, வேண்டாமா? நீதான் சொல்லணும்."

அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையெல்லாம் எங்கிட்டயா கேப்பீங்க?" என்றாள்.