தெரிந்ததை மகனிடம் கேட்டேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரளச்சிப் பக்கத்துக் காட்டில் சீமைக் கருவேலம் வெட்டக் கூலிக்குப் போனேன். பிறகு அதே காட்டை விலைக்கு வாங்கினேன். வெட்டிய மரத்தை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் கரிமூட்டம் போட்டேன். லாரி வாங்கினேன், பந்தல்குடி ரோட்டில் எடைமேடை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி. எல்லாம் நானே. ஒருத்தரும் கைகொடுக்கவில்லை.

ஒரே மகன். மூட்டத்தை அவனிடம் விட்டுவிட்டு நான் லாரியைப் பார்த்தேன். கண்மாய்க் கருவேலத்தை யார் வெட்டுவது என்ற தகராறில் அவன் ஓங்கிய கட்டை ஒருவர் தலையில் இறங்கிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. அந்த வீட்டு வாசலை இன்றைக்கும் நான் தலைகுனிந்துதான் கடக்கிறேன். மகனுக்கு ஆயுள் தண்டனை.

ஜெயிலில் எழுதிக் கொடுத்த நம்பருக்கு மட்டும்தான் பேசவிடுவார்கள். மருமகள் நம்பரைக் கொடுத்திருந்தான். சில நிமிடம்தான், பிறகு தானே அறுந்துவிடும். முதலில் நன்றாகத்தான் பேசினான். போகப்போக அவள் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான்.

அப்பீல் தள்ளுபடியான பிறகு ஒருநாள், மருமகள் மூட்டத்துக்கு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த நேரம் போன் வந்தது. "இனிமே கூப்பிட மாட்டேன். என்னைய நெனச்சுக்கிட்டுக் கெடக்காத, ஒம் பொழப்பப் பாரு" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பிடுங்கினேன். அழுதால் வைத்துவிடுவான். அதட்டினாலும் வைத்துவிடுவான். எதிரே மூட்டம் புகைந்துகொண்டிருந்தது.

"ஏய்யா, வச்சுராத. மூட்டத்துல மேக்குப் பக்கம் மண்ணு உள்வாங்குது. எனக்கு ஒண்ணும் புரிபடல."

மூட்டத்துக்கு ஒரு கேடும் இல்லை. அவன் போனை வைக்கவில்லை.

"புகை எப்பிடி வருது?"

"வெள்ளையா."

"அப்பக் கண்ண அடச்சுராதீக." அடியில் காற்றுப் போகிற ஓட்டையைக் கண் என்போம். "உள்ள பச்ச மரம் இன்னும் வேகல. மேல ஈரமண்ணப் போடுங்க. ஏம்ப்பா, இத்தன வருசமா மூட்டம் போட்டவுகளுக்கு இது தெரியாதா?"

"வயசாயிருச்சுய்யா. மறந்துபோகுது."

டாக்டரிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது. சொல்லி முடித்ததும் லைன் அறுந்தது.

அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான். "அப்பாட்டக் குடு. மண்ணு போட்டாகளா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேட்பேன். மருமகள் ஊரெல்லாம் "மாமாவுக்கு ஞாபகம் தப்புது" என்றாள். வீரசோழன் ஊரிலிருந்து வரும் கரி வியாபாரி ஆட்கள் முன்னாலேயே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஜெயில்ல இருந்து ஆர்டர் வந்தாத்தான் மூட்டத்துல கை வைப்பீகளாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருமுறை கண்ணை இன்றைக்கே அடைக்கச் சொன்னான். இன்னும் ஒருநாள் வேக வேண்டும் என்று எனக்குத் தெரியும். புகையைப் பார்க்காமல் அங்கிருந்து அவனுக்கு எப்படித் தெரியும்? "சரிய்யா" என்றேன். மறுநாள்தான் அடைத்தேன். மூட்டத்தைப் பிரித்தபோது, நன்றாக வெந்த கரி தட்டினால் கணீரென்றது. அவனிடம் சொன்னேன்: "ஒங் கணக்குத்தான்யா. வெங்கலம் மாதிரிச் சத்தம்."

சிரித்தான். உள்ளே போனபின் முதல் சிரிப்பு. போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திருச்சுழிக் கோயிலில் விளக்குப் போட்டதால்தான் அவன் மறுபடி பேசினான் என்கிறாள் மருமகள். வக்கீல், தான் சொன்ன தைரியம் என்கிறார். அவன் வெளியே வரும்போது நான் இருப்பேனோ என்னவோ. வந்தபிறகு இதைப் படிக்கட்டும். கரிக்குப் பேர் அவனுக்கே இருக்கட்டும். எடைமேடையையும் மாடி வீட்டையும் வேண்டுமானால் யார் பேரிலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் போனை வைக்கப் போனவனை வைக்கவிடாமல் பிடித்தது நான். அதை என் பேரில்தான் சொல்ல வேண்டும்.