மதகு பூட்டியிருக்கிறதா என்று கேட்ட மகள்

முப்பத்தொரு வருஷம் லஸ்கராக இருந்தேன். வாய்க்கால் தலைப்பு மதகில் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, செயின் போட்டுப் பூட்டுவது, ஸ்கேலில் தண்ணீர் அளவு பார்த்து ஆபீசுக்குச் சொல்வது, இதுதான் வேலை. சேர்ந்த அன்றைக்கே எங்கள் இன்ஜினியர், ஏ.இ., சொன்னார்: "பூட்டிட்டேன்னு வாயால சொல்லாதய்யா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். செய்து கெட்டவன் சொல்கிறேன்.

என் மகள் தேன்மொழி பிளஸ் டூ படித்த வருஷம். அந்த வாரம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் முறை இல்லை, ஷட்டர் இறக்கியிருந்தது. "அப்பா, மதகப் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். "பூட்டிட்டேன்மா" என்றேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் வந்தாள். "நேத்து நானும் கூட வந்தேன்ல, என் கை பட்டு செயின் கழண்டிருந்தா?" பயிர் முழுகிவிடும், யார் வீட்டுப் பிள்ளையாவது தண்ணீரோடு போய்விடும், எல்லாம் தன்னால்தான் என்று அழுவாள்.

லஸ்கர் மகளுக்குப் பொறுப்பு இல்லாமல் போகுமா என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு! வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய், பூட்டை இழுத்துக் காட்டுவேன். முகம் தெளியும். வீட்டு வாசலில் இறங்குவதற்குள் மறுபடியும் வாடிவிடும். ஒருநாள் ஏழு தடவை போய் வந்தோம்.

அரையாண்டுப் பரீட்சை அன்று, பிள்ளை வரவில்லையென்று பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஓடினேன். யூனிபார்மோடு மதகில் நின்றுகொண்டிருந்தாள். பூட்டை இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. "கைய எடுக்க முடியலப்பா" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்று.

தஞ்சாவூரில் மனநல டாக்டரம்மாவிடம் போனோம். ஓசிடி என்றார், தமிழில் எண்ணச் சுழற்சி நோயாம். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க காட்டக் காட்ட அதுக்குத் தீனி போடுறீங்க. இனிமே கேட்டா, 'பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்'னு மட்டும் சொல்லுங்க."

"மேடம், ஒரு லஸ்கர் வாயால அப்படிச் சொல்றதா? ஊரு சிரிக்கும்!"

பக்கத்திலிருந்த தேன்மொழிதான் பதில் சொன்னாள். "சொல்லுங்கப்பா. நான் கெஞ்சினாலும் வேற எதுவும் சொல்லாதீங்க."

கெஞ்சத்தான் செய்தாள். "ஒரே ஒரு தடவ சொல்லுங்கப்பா!" என்று கதறினாள். "கல்நெஞ்சா உங்களுக்கு?" என்று என் மனைவி சண்டைக்கு வந்தாள். மூன்றாம் நாள் தாங்க முடியாமல், "பூட்டித்தாம்மா இருக்கு, நான் பாத்தேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அழுகை நின்றது. சாயங்காலம் என்னிடம் வந்து ஒரு பிடி பிடித்தாள். "நான் சொல்ல வேணாம்னுதானே சொன்னேன்? மூணு நாளு பல்லக் கடிச்சுகிட்டு இருந்தது எல்லாம் போச்சு!" பதினேழு வயசுப் பெண்ணிடம் நான் வாங்கின அந்தத் திட்டை எந்த ஏ.இ.யிடமும் வாங்கியதில்லை. அதற்குப் பிறகு வாய் தவறவில்லை.

பொதுத்தேர்வு முதல் நாள். மேட்டூர் அணையை மூடி, வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பயத்துக்கு அதெல்லாம் கணக்கா? "தண்ணியே இல்லன்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா பயமா இருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பஸ் நிற்கும் இடமோ மதகுக்கு நேர் எதிரே. மனசு கேட்காமல், தள்ளி நின்று பார்த்தேன். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். மதகுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். பஸ் வந்தது. திரும்பிப் போய் ஏறிவிட்டாள்.

இப்போது கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறாள். அந்த நினைப்பு இன்னமும் சில நாள் வரும், பார்த்துக்கொள்கிறாள். கரை உடைய இருந்த வெள்ளத்திலெல்லாம் மதகில் நின்று ஷட்டர் தூக்கியவன் நான், ஆபீசில் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு என் மகள் அந்தப் பஸ்ஸில் ஏறியதுபோல ஒரு காரியத்தை என் சர்வீசில் நான் செய்ததில்லை.