கண்ணுச்சாமி இறைத்துக் கொட்டிய 351 காலன்

9-3-1964: 65, 56, 59. ஆக 180 காலன்.
14-6-1964: 62, 53, 56. ஆக 171 காலன்.
இரண்டும் சேர்ந்து 351.

இவை கண்ணுச்சாமி தன் கையால் இறைத்துத் தரையில் கொட்டிய தண்ணீரின் அளவுகள். பஞ்சாயத்து எழுத்தராக இருந்த நான் இரண்டு நாளும் அருகில் நின்று குறித்தேன். அரசாங்கக் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று இருக்கிறது. அது பொய்.

விஸ்வநத்தத்துக்கு மேற்கே எங்கள் ஊர். கண்ணுச்சாமி அங்கே கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர். பாறை விழுந்து முழங்கால் போன பிறகு, நீர்மட்டம் அளக்கும் வேலையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். எழுத்துத் தெரியாது; அளவுநாடாவின் எண்கள் தெரியும்.

ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி வெடியுப்புப் பீப்பாய்களைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பள்ளத்தில் விட்டுவந்தது. பள்ளத்துக்குக் கிழக்கே ஊர்க் குடிகிணறு. அதன் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. கண்ணுச்சாமியின் மகள் செல்லக்கனி, எட்டு மாதப் பிள்ளைக்குப் பாலில் அதைத்தான் கலந்து கொடுத்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. மனுக் கொடுத்தோம். மூன்று குழாய்க் கிணறுகள் போட்டார்கள்: பள்ளத்துக்கு மேற்கே ஒன்று, பள்ளத்தை ஒட்டி ஒன்று, குடிகிணற்றின் பக்கம் ஒன்று. மேற்குக் கிணற்றில் இல்லாத வெடியுப்பு மற்ற இரண்டிலும் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் குடிகிணற்றை மூடி வேறு கிணறு வெட்டுவார்கள்.

கண்ணுச்சாமி முதலில் நாடாவின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து இறக்குவார். நனைந்த இடம்வரை கணக்கு. குழாயில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கை இறைத்துக் கொட்டிய பிறகுதான் பரிசோதனைக்கு அனுப்பும் புட்டியைத் தொடுவார். ஒரு காலன் கொள்ளும் நீளவாளி ஒருமுறை மேலே வந்தால், ஒரு புளியங்கொட்டை வலது மடியிலிருந்து இடது மடிக்குப் போகும். பள்ளத்தை ஒட்டிய கிணறு கடைசியில்தான். அதன் அழுக்கு மற்றவற்றுக்குப் போகக்கூடாது.

தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் மாரித்தாய் குடத்தோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே, ஊரே தண்ணிக்கு அலையுது, நீக மண்ணைக் குளிப்பாட்டுதீக?"

"குழாய்ல நின்னது பழசு தாயி. மண்ணுக்குள்ள இருந்து புதுசு வரணும்லா."

"புதுசு வர்றதுக்குள்ள உங்க இடுப்பு பழசாயிரும்!"

அவர் சிரித்தார்; எண்ணிக்கை தவறவில்லை. அதே தண்ணீரால் மும்முறை புட்டியைக் கழுவி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பினார்.

அப்போது மேற்பார்வையாளர் தனுஷ்கோடி வந்தார். அவர் கொண்டுவந்த தக்கைகள் புட்டி வாய்க்குச் சிறியவை. அரக்கும் இல்லை. மாரித்தாய் வீட்டிலிருந்து லேபிள் பசையை வாங்கி, தக்கையில் பசைக்காகிதம் சுற்றி உள்ளே அழுத்தச் சொன்னார்.

"ஐயா, அது தீப்பெட்டிப் பசை. எலி தின்னக்கூடாதுன்னு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுதாக. தண்ணியில எறங்கிரும்யா."

"ஏலே, நீ என்ன டாக்டரா? ரயிலுக்கு நேரமாச்சு, அழுத்துலே!"

எங்கள் பக்கத்தில் பசை என்றால் துத்தப் பசைதான். எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். இவர் கேட்கவில்லை. கண்ணுச்சாமி கையை எடுத்துக்கொண்டார். தனுஷ்கோடியே அழுத்தினார். மணி பதினொன்று இருபது.

ஏப்ரல் 21 அன்று முடிவு வந்தது. மூன்று புட்டியிலும் துத்தம்; மாதிரிகள் செல்லாது. பள்ளத்துக்கு மேற்கே, எந்தக் கழிவும் எட்டாத கிணற்றில் துத்தம் எங்கிருந்து வரும் என்று ஓர் அதிகாரியும் கேட்கவில்லை. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி, கண்ணுச்சாமியை நிறுத்தினார்கள். எழுதியவர் தனுஷ்கோடி. நான் கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தேன். "உம்ம வேலையைப் பாரும்" என்று திருப்பித் தந்தார்கள். கம்பெனி பீப்பாய் கழுவிக்கொண்டேயிருந்தது. செல்லக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டாள். ஊரில் மற்ற பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தன.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, கூலியில்லாத கண்ணுச்சாமி என் வீட்டு வாசலில் நின்றார்.

"நாடா இருக்கு, வாளி இருக்கு. நீக எழுத வாரீகளா?"

"வேலையை விட்டு எடுத்துட்டாகளே, உமக்கு என்னத்துக்கு இது?"

"வேலையைத்தான எடுத்தாக. கெணறு அங்கனதான கெடக்கு."

மறுபடியும் சுண்ணாம்பு, புளியங்கொட்டை, 171 காலன். இம்முறை புட்டிக்குப் பொருந்தும் தக்கையும் அரக்கும் சிவகாசியில் நானே வாங்கியிருந்தேன். ஊர்மனுவோடு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினேன். நீக்கப்பட்டவர் எடுத்த மாதிரி செல்லாது என்று அலுவலகம் அதையும் தடுத்தது. ஆறு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அளவுகளைத் திரும்ப எழுதினேன். ஆறாவதற்குத்தான் பதில்.

மேற்குக் கிணற்றில் குற்றமில்லை. மற்ற இரண்டிலும் வெடியுப்பு. துத்தம் எதிலும் இல்லை. குடிகிணற்றை மூடவும், மேற்கே புதுக் கிணறு வெட்டவும் உத்தரவு. கடைசி வரியில், முறைப்படி மாதிரி எடுத்த மேற்பார்வையாளர் தனுஷ்கோடிக்குப் பாராட்டு! கண்ணுச்சாமி என்ற பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லை.

கண்ணுச்சாமிக்கு வாசித்துக் காட்டினேன். "இதை விடப்போவதில்லை, திருத்தச் சொல்லி எழுதுகிறேன்" என்றேன்.

"எழுதுங்க. மொதல்ல பழைய கெணத்தை என்னைக்கு மூடுதாகன்னு கேட்டு எழுதுங்க. செல்லக்கனிக்கு ஆள் விடணும்."

கிணற்றை மூடினார்கள். என் திருத்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எனவே கடைசிக் கடிதம் அந்தப் பாராட்டுக் கடிதம்தான். வந்த நாள் 4-2-1965, வியாழக்கிழமை.