ஒரு துளியும் கீழே விழக்கூடாது

உவர்மலைச் சந்தியில் பஸ் சரியாக நிற்பதற்குள் ஜெயரூபி இறங்கிவிட்டாள். அவள் இறங்கவேண்டிய இடம் இன்னும் மூன்று தரிப்பு தள்ளி. ஆனால் யன்னலால் பார்த்தபோது, புழுதி படிந்த வெள்ளைக் கார் ஒன்றை அதன் சொந்தக்காரர் காய்ந்த சீலைத் துண்டால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் இருக்க அவளுக்கு ஏலாது.

"அண்ணை, கையை எடுங்கோ."

அவர் கையை எடுத்தார். ஏதோ பொலிஸ் விசயம் என்று நினைத்தாராம்.

"புழுதி எண்டா என்ன, மண்தானே. மண்ணை வைச்சுத் தேய்ச்சா அது துடைக்கிறதில்லை, அரத்தால அராவுறது. இந்தக் கார் உங்களுக்கு என்ன செய்தது?"

அடுத்த பஸ் வர அரை மணித்தியாலம் ஆனது. அந்த அரை மணித்தியாலமும் அவள் விளக்கிக்கொண்டே நின்றாள். பஸ் தெரிந்ததும் அவரே றோட்டுக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்து அவளை ஏற்றிவிட்டார்.

ஜெயரூபிக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு அன்புவழிபுரத்தில். கணவர் சசிகரன் வீடுகளுக்கு வயறிங் செய்பவர், அதிகம் பேசாதவர். பேசுவதற்கு வீட்டில் இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். அவள் ஒன்பது வருடம் உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் துவாய் மடித்தாள். துணியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே வந்தது. துணியை மெதுமையாக்க ஊற்றுகிற வாசனைத் திரவம் துவாயின் தாகத்தைக் கொன்றுவிடும், பிறகு அது தண்ணீரை உறிஞ்சாது, தள்ளித்தான் விடும் என்பது அதில் ஒன்று. ஹோட்டலை மூடியபிறகு அக்காவின் கணவருடைய சேர்விஸ் ஸ்டேஷனில் கார் கழுவப் போனாள். பம்பைப் போட்டுப் பைப்பைப் பிடித்தால் ஒரு காருக்கு நூற்றைம்பது லீற்றருக்குக் குறையாமல் போகும். வறண்ட கச்சான் காற்று வீசிய ஒரு காலத்தில் கிணறு அடிக்குப் போய், மிச்சத் தண்ணீரும் உவராகிவிட்டது. கழுவிய கார்கள் காய்ந்ததும் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல் போட்டன. அத்தான் கழுவுவதை விட்டு டயர் வியாபாரத்துக்கு மாறினார். ஜெயரூபிக்கு டயரில் விருப்பமில்லை. அவளுடைய தலைக்குள் ஒரேயொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: ஒரு காருக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு கார் வேண்டும். கார் இல்லை. ஆகவே பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் முன்பக்கக் கதவை மட்டும் வாங்கி, ஓட்டோவில் ஏற்றி வந்து, மாதுளை மரத்தில் சாய்த்து வைத்தாள். கறுப்புக் கதவு. கறுப்பில்தான் கீறல் மறையாது.

"ஜெயரூபி கார் வாங்கிட்டாளாம்" என்று ஒழுங்கை முழுக்கக் கதை. "தவணை முறையிலயாம். இந்த மாசம் கதவு."

ஐந்து மாதம் அவள் அந்தக் கதவைக் கழுவினாள். றோட்டுப் புழுதியைத் தேத்தண்ணி வடிகட்டும் வடியில் போட்டுச் சீராகத் தூவுவாள், கழுவுவாள், அடுத்த நாள் காலைச் சாய்வெயிலில் கன்னத்தைக் கதவோடு வைத்துக் கீறல் தேடுவாள். கீறல் இருந்தால் என்ன பிழை விட்டாள் என்று யோசிப்பாள். வெயிலில் சூடான தகட்டில் தண்ணீர் தங்காது, புழுதி ஊறுவதற்குள் காய்ந்துவிடும் என்பது முதலாவது மாதத்தில் தெரிந்தது. அழுத்தினால் கீறும், துணி தன் சொந்தப் பாரத்தில் மட்டும் ஊர்ந்தால் கீறாது என்பது இரண்டாவது மாதத்தில். வட்டமாகத் துடைக்கக்கூடாது, ஒரே திசையில் ஒரே இழுவை, ஒருமுறை புழுதி எடுத்த துணிமுகம் மறுபடி காரைத் தொடவே கூடாது என்பது மூன்றாவது மாதத்தில். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் எட்டு முகம் வரும். பத்துத் துணிக்கு எண்பது முகம். ஒரு காருக்கு அறுபத்தெட்டு போதும். இதை அவள் எண்ணித்தான் சொல்கிறாள்.

கடைசியில் கணக்கு நான்கு லீற்றரில் வந்து நின்றது. ஒன்றரை லீற்றர் கைப்பம்புத் தெளிப்பானில், இரண்டரை லீற்றர் வாளியில், வாளிக்குள் ஒரு மூடியளவு அலசத் தேவையில்லாத கார் ஷாம்பூ. சேறு பிடித்த காரை மட்டும் அவள் தொடமாட்டாள். சில்லுக்கு மேலே நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கட்டியாக வந்தால், "இதுக்கு நிறையத் தண்ணி வேணும், சேர்விசுக்குக் கொண்டுபோங்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

இனி வேண்டியது நிழல். சும்மா நிழல் அல்ல, பகல் முழுக்க நகராத நிழல். பட்டினத்தில் அவள் பார்த்த இடங்களில் அப்படி ஒன்றுதான் இருந்தது: கடற்கரைப் பக்கமாக ஆனந்தராசா நடத்தும் வாகனத் தரிப்பிடம். மூன்று பெரிய வேம்புகள், கொப்போடு கொப்பு கோத்து நிற்பவை.

ஆனந்தராசா துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம்தான் நிலம் முழுவதற்கும் சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லொக் கல் பதித்திருந்தார். முன்பு அங்கே ஒருவன் பைப் போட்டுக் கார் கழுவி, தண்ணீர் தேங்கி, நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டு, டெங்குப் பரிசோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் அவரை நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அவர் ஈரத்துக்குப் பகையாளி. தேத்தண்ணி குடித்தால்கூடக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்.

"ஏலாது, பிள்ளை."

"ஐயா, நாலு லீற்றர்தான்."

"நாலு லீற்றரும் நிலத்திலதானே விழப்போகுது."

"விழாது. அவ்வளவும் துணிக்குள்ள நிக்கும்."

ஆனந்தராசா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு துளி விழாதோ?"

ஜெயரூபி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "ஒரு துளியும் விழாது."

"சரி. சனிக்கிழமை வாரும். ஒரு காரைக் கழுவிக் காட்டும். கீழ கடதாசி விரிப்பன். ஒரு துளி விழுந்தாலும் இந்தப் பக்கம் வரக்கூடாது. விழாட்டி இந்த மரத்தடி உமக்கு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். கதவில் துளி விழுந்ததா இல்லையா என்று அவள் பார்த்ததே இல்லை. மாதுளைக்குத்தானே விழுந்தது.

சனிக்கிழமை கார் தேட வேண்டியிருக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வாராவாரம் வரும் இக்ராமின் கறுப்புக் கார், றோட்டு வேலை நடக்கும் பாதையால் வந்து, செங்கல் நிறத்தில் நின்றது. இக்ராம் அதைப் போன வருடம்தான் வாங்கியிருந்தான். முன்சீற்றில் இருந்த அவன் மனைவி சுஹைரா, "கழுவட்டும் மச்சான், இது கார்தானா எண்டு நானும் ஒருக்காப் பாக்கணும்" என்றாள்.

"கீறல் விழுந்தா?"

"விழுந்தா நான் வாங்கித் தாறன்" என்றாள் சுஹைரா, ஒரு புதுக் காரையே வாங்கித் தருகிற தோரணையில்.

ஆனந்தராசா ஒரு மாதத்துப் பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து கீழே விரித்தார். கச்சான் காற்று அவற்றை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகப் பார்த்தது. ஓடிப் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்து, கல் போதாமல் சுஹைராவின் செருப்பையும் வைத்து, அதுவும் போதாமல் இக்ராமை ஒரு மூலையில் நிறுத்தினார்கள்.

"அசையாதைங்கோ தம்பி. நீங்களும் ஒரு கல்லுத்தான்" என்றாள் ஜெயரூபி.

அவள் கூரையில் தொடங்கினாள். மூடுபனிபோலத் தெளித்தாள், இருபது வரை எண்ணினாள், வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்த துணியைப் போட்டு மெல்ல இழுத்தாள். சிவப்பு போய்க் கறுப்பு வந்தது. அடுத்த முகம். அடுத்த இழுவை. பின்னாலேயே காய்ந்த துணி. கதவுகளுக்கு வந்தபோது, ஒரு கையால் தெளித்து, மறுகையால் கீழ்விளிம்பில் துணியை ஏந்திப் பிடித்தாள், வழிகிற ஈரம் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ஆனந்தராசா முழங்காலில் நின்று, ரோச் லைற் அடித்துக் கடதாசிகளைப் பார்த்தார். இக்ராம் நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டி ஒவ்வொரு இழுவைக்கும் பல்லைக் கடித்தான்.

"அக்கா, நான் புள்ள பெறுகக்குள்ளயும் இவர் இப்படி நிக்கல்ல" என்றாள் சுஹைரா. "வெளியில போய்க் கடலை வாங்கித் திண்டவரு."

"உனக்கு டொக்டர் இருந்தார்" என்றான் இக்ராம். "இதுக்கு ஆர் இருக்கா?"

கண்ணாடி, பொனற், டிக்கி எல்லாம் முடிந்தன. அடிப்பக்கத்துக்கும் சில்லுக்கும் வேறு பழைய துணிகள். முக்கால் மணித்தியாலத்தில் கார் குளித்துத் தலைவாரியதுபோல நின்றது. ஆனந்தராசா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபக்கம் சுற்றிப் பார்க்கப் போனார். அந்த நேரம், இடப்புறப் பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த ஒரு துளி, ஓசையில்லாமல் வெளியே வந்து, நுனியில் கொஞ்சம் யோசித்து, ஒரு விளையாட்டுச் செய்தியின் நடுவே விழுந்தது.

ஜெயரூபி பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் மான் வந்தது. பட்டினத்துத் தெருக்களில் மந்தையாகத் திரியும் மான்களுக்கு வெட்கம் கிடையாது, வாழைப்பழத் தோலுக்கும் கடதாசிக்கும் யார் வீட்டுக்குள்ளும் வரும். இந்தப் பெண்மான் கேற்றால் நேராக வந்து, நனைந்த கடதாசியைத்தான் தேர்ந்தெடுத்து, ஆறுதலாகச் சப்பத் தொடங்கியது.

"துரத்துங்க" என்றான் இக்ராம், அசையாமல்.

"துரத்தினா உதைக்கும். கார்லதான் உதைக்கும்" என்றாள் சுஹைரா.

இக்ராம் மூச்சையும் விடவில்லை. மூவரும் பார்த்துக்கொண்டு நிற்க, மான் அந்த விளையாட்டுப் பக்கத்தை முழுதாகத் தின்று, காரின் கதவில் தெரிந்த தன் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனது.

ஆனந்தராசா சுற்றி வந்தார். மிச்சக் கடதாசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் காய்ந்திருந்தன.

"ஓம், பிள்ளை. ஒரு துளியும் இல்லை."

மூன்று வேம்பின் நிழலும் அவளுடையது. தலையாட்டினால் போதும். ஜெயரூபி தலையாட்டித்தான் பார்த்தாள், ஆனால் தலை வேறு பக்கமாக ஆடியது.

"ஒண்டு விழுந்தது, ஐயா."

"எங்க?"

"மான்ர வயித்துக்குள்ள."

சுஹைரா சிரித்ததில் காரில் சாய்ந்துவிட்டாள். "சாயாத, விரல் அடையாளம்" என்று இக்ராம் கத்தினான். ஆனந்தராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் விதிப்படி நின்றவர். அவர் கேற்றைப் பார்த்தார், மானைக் காணவில்லை. பிறகு கண்ணாடிக் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது.

"அப்ப தோல்விதான்" என்றார்.

"ஓம், தோல்விதான்."

"ஆனா சாட்சிக் கடதாசி இல்லாமத் தோல்வியைப் பதிய ஏலாது. அடுத்த சனி திரும்பச் செய்யும்."

அடுத்த சனிக்கிழமை ஜெயரூபி கண்ணாடிக் கூட்டுக்குள் வாயால் ஊதினாள், துணி முனையை முறுக்கி உள்ளே விட்டாள். கண்ணாடி அடங்கியது. பெற்றோல் மூடிக்குப் பின்னாலிருந்து ஒரு துளி வந்தது. ஆனந்தராசா பாயில் குப்புறப் படுத்தபடி, "விழுந்திட்டுது" என்று அறிவித்தார். குரலில் ஒரு கொண்டாட்டம். அதற்கடுத்த சனி பெற்றோல் மூடியும் அடங்கியது. கதவுப்பிடிக்குள்ளிருந்து அரைத் துளி. அரைத் துளி துளியா என்று அவர்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். தனது கட்சிக்கு எதிராக ஜெயரூபிதான் வாதாடினாள். "ஈரம் ஈரம்தான், ஐயா. கடதாசி நனைஞ்சிருக்கு, பாருங்கோ."

இப்போது பார்ப்பதற்கு ஆட்களும் வந்தார்கள். தரிப்பிடத்தில் வண்டி விடாதவர்களும் வந்தார்கள். துளி எங்கிருந்து வரும் என்று ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். நான்காவது சனியும் அது யாரும் சொல்லாத இடத்திலிருந்து வந்தது. இக்ராமின் கார் இந்த நான்கு வாரத்தில் வாங்கிய நாளைவிட மினுங்கியது. புழுதியான பாதையால் வேண்டுமென்றே வருகிறான் என்று சுஹைரா சொன்னாள். அவன் மறுக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை, அவள் கடைசித் துணியை மடித்து வைத்தாள். ஆனந்தராசா பாயில் படுத்தார். கால் மணித்தியாலம் படுத்திருந்தார். பின்பக்க லைற்றுக்குக் கீழே, இலக்கத் தகட்டுக்குப் பின்னால், வைப்பருக்கு அடியில் எல்லாம் ரோச் அடித்தார். கதவுகளைத் திறந்து மூடச் சொன்னார். கார் முழுவதையும் நாலு பேரைக்கொண்டு ஒருமுறை குலுக்கச் சொன்னார். இக்ராம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கடதாசிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"ஐயா வாசிக்கிறாரா, தேடுறாரா?" என்றாள் சுஹைரா.

"ஒண்டுமில்லை" என்றார் ஆனந்தராசா. இன்னொரு சனிக்கிழமை கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "மரத்தடி உமக்கு. திங்களே வரலாம்."

ஜெயரூபி தெளிப்பானைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். அதில் கால் லீற்றர் நல்ல தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடியே கேற்றைத் தாண்டி வெளியே போனாள். றோட்டில், வெயிலில், எல்லாரும் பார்த்திருக்க, மூடியைக் கழற்றி, அந்தத் தண்ணீர் முழுவதையும் தன் தலையில் ஊற்றினாள். அது காதாலும் மூக்காலும் நாடியாலும் தாறுமாறாக ஒழுகியது. ஒரு துளியையும் அவள் ஏந்தவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஆனந்தராசா கேற்றடிக்கு விரைந்து வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். கடல் பக்கம்தான் ஓடியது.