ஆப்பரேஷன் மேசையில் ஒரு வகுப்பு

என் மனைவியின் கழுத்தில் இருந்த கழலை, கலியாணமான மூன்று வருடத்தில் என்னைத் திட்ட நினைத்து அவள் விழுங்கிய வார்த்தைகள்தாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிரிக்க வேண்டாம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். திட்டு வாங்கக் காரணங்களைத் தாராளமாகவே கொடுத்திருந்தேன். டாக்டர் அதைக் கத்தியால் திறந்தால் அத்தனையும் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கொட்டிவிடும் என்பதுதான் என் முதல் பயம். அவள் பிழைப்பாளா என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். சில மாதங்களாக இரண்டாள் சோற்றைத் தின்றாள், ஆனாலும் மெலிந்தாள். மார்கழியிலும் வியர்த்தாள். கை நடுங்கியதில் கரும்பலகையில் போட்ட கோடு நெளிந்தது. கண்கள் துருத்திக்கொண்டு வந்தன. "ஏட்டி, இப்பிடி முழிச்சா பிள்ளைய பயந்தே பாசாயிரும்" என்று கேலி செய்தேன். மிஷன் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்த அன்று என் கேலி நின்றது. கழலையாக வீங்கியிருக்கும் தைராய்டு சுரப்பி அளவு மீறி வேலை செய்கிறது, பெரும்பகுதியை வெட்டி எடுக்காவிட்டால் இதயம் தாங்காது என்றார். குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். சேதமானால் குரல் போய்விடுமாம். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள்: "குரலு போனா போர்டுல எழுதிப் படிப்பிச்சுக்கிடுவேன் டாக்டரே. உயிரு போனா யாரு எழுதுவா?"

உடனே கத்தி வைக்க முடியாது. அயோடின் சொட்டுகளைப் பாலில் விட்டுக் குடித்து, படுத்தே கிடந்து, நாடி அடங்க வேண்டும். நான் கட்டிலருகே உட்கார்ந்து தைரியம் சொன்னேன். நான் போகும்போதெல்லாம் நாடி ஏறுவதை நர்ஸம்மா கண்டுபிடித்தாள். என்மேல் அத்தனை பிரியமா என்று பூரித்துப்போனேன்.

"பிரியமுமில்ல, மண்ணுமில்ல. நீரு கெடந்து நடுங்கியதப் பாத்துத்தான் டீச்சருக்கு நாடி ஓடுது. ஆப்பரேஷன் முடியது வர இந்த வாசல மிதிக்கப்பிடாது, ஓய்!"

ஆகவே ஆப்பரேஷன் அன்று காலை ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றேன். மயக்கம் கொடுக்கவில்லை, கழுத்து மரத்துப்போக ஊசி மட்டும். குரல் நரம்புக்குச் சேதமில்லை என்று தெரிய, அறுக்க அறுக்க நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பெரிய டாக்டரின் முறை. "என்னமாவது பேசுங்கோ டீச்சர்" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். போச்சு, இனி என் வண்டவாளம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் தன் வகுப்பின் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். வருகைப் பதிவேடு கையில் இல்லை, கழுத்து திறந்து கிடக்கிறது, "அன்னம்மா... இசக்கியம்மா... எஸ்தர்..." என்று வரிசை தப்பாமல் போகிறாள். ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்கு இடைவெளிகூட விட்டாள். "பாக்கியம், நேத்தும் வரல்லியே, ஏன்?" என்று கேட்டபோது உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். குரலில் பிசிறில்லை. நான் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "எனக்க பெஞ்சாதியாக்கும்" என்றேன்.

"மரியம்மா... லூர்தம்மா..." அதோடு குரல் நின்றது. அடுத்த பெயர் வரவில்லை.

கண் விழித்தபோது நான் மரத்தடியில் நனைந்து கிடந்தேன். நர்ஸம்மா செம்போடு குனிந்து நின்றாள். "ஓய், ஆப்பரேஷன் டீச்சருக்கா, உமக்கா?"

தையல் போடப் போகிறோம், இனிப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் நிறுத்தியிருக்கிறாள். நடந்தது அவ்வளவுதான். குரல் போகவில்லை. கை நடுக்கம் நின்றது, நாடி அடங்கியது. கண்கள் மட்டும் உள்ளே போகவில்லை. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துச் சீண்டுகிற நோய் இது, கத்தி சுரப்பியை எடுக்கும், அந்த நினைப்பை எடுக்காது என்று ஒரு டாக்டர் இப்போதுதான் எனக்கு விளக்கினார். அந்தக் கண்களோடுதான் அவள் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறாள், இப்போது தலைமையாசிரியை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், தழும்பு தெரியாமல் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்படி என் அம்மா சொன்னாள். அவள் சுற்றாமலே பள்ளிக்கூடம் போனாள்.